அன்கில ஜப்பானீஸ் படிக்கறது எப்படி: இன்ஸ்டால்ல இருந்து என்3 வரைக்கும்

எடுத்தவுடனே ஒண்ணு சொல்லிடறேன், அன்கின்னா கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம்னு கார்டு காட்டற ஆப், அது உங்களுக்கு ஜப்பானீஸ் கத்துக்கொடுக்காது. கத்துக்கிட்டத மறக்காம பாத்துக்கும், அவ்ளோதான் அதோட வேலை. இது புரியாம நான் முதல் ஆறு மாசம் கார்டு கார்டா தட்டிக்கிட்டே இருந்தேன், ஆயிரம் வார்த்தை தெரியும், ஆனா ஒரு வாக்கியம் கேட்டா முழிப்பேன். அப்புறம் எப்படி படிக்கணும்னு மெதுவா புடிபட்டுச்சு, போன டிசம்பர்ல ஜேஎல்பிடிங்கற ஜப்பானீஸ் பரீட்சைல என்3 லெவல் எழுதற வரைக்கும் வந்தாச்சு. தாம்பரம் பீச் ட்ரெய்ன்ல நின்னுக்கிட்டே பண்ணதுதான் முக்கால்வாசி.

இன்னொரு விஷயமும் உண்டு. இணையத்துல இருக்கற அன்கி வழிகாட்டி பெரும்பாலும் இங்கிலீஷ்காரங்களுக்காக இங்கிலீஷ்காரங்க எழுதினது. அவங்களுக்கு கஷ்டமா இருக்கறது நமக்கு ஈஸி, அவங்களுக்கு ஈஸியா இருக்கறது நமக்கு கஷ்டம். அதனால தமிழ் பேசறவங்க கார்டு போடற விதமே கொஞ்சம் வேற மாதிரி இருக்கணும்ங்கறது என் கருத்து. இந்த முழு பதிவும் அதுக்காகத்தான்.

முதல்ல இது என்ன சமாச்சாரம்

1885லயே எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகள தானே மனப்பாடம் பண்ணி, எத்தன நாள்ல எவ்ளோ மறக்குதுன்னு அளந்து பாத்தார். படிச்ச உடனே செங்குத்தா மறக்கும், போகப்போக மெதுவா மறக்கும். மறக்கப் போற நேரமா பாத்து ஒரு தடவ ஞாபகப்படுத்திட்டா அடுத்த தடவ இன்னும் அதிக நாள் தாங்கும். 1972ல லைட்னர்னு இன்னொரு ஜெர்மன்காரர் இத ஒரு அட்டைப்பெட்டி, அஞ்சு தடுப்பு, கொஞ்சம் சீட்டுன்னு வெச்சே செய்யலாம்னு காமிச்சார். சரியா சொன்ன சீட்டு அடுத்த தடுப்புக்கு போகும், தப்பா சொன்னது திரும்ப முதல் தடுப்புக்கு வரும். 1987ல போலந்துல வோஸ்னியாக் இத கம்ப்யூட்டர் கணக்கா மாத்தினார். அந்த கணக்க அடிப்படையா வெச்சு 2006ல டேமியன் எல்ம்ஸ் எழுதினதுதான் அன்கி. அவர் அத எழுதினதே தான் ஜப்பானீஸ் படிக்கறதுக்காகத்தான். அன்கிங்கற வார்த்தைக்கே ஜப்பானீஸ்ல மனப்பாடம்னு அர்த்தம்.

ஸ்டெப் 1: இன்ஸ்டால், அக்கவுண்ட், சிங்க்

கம்ப்யூட்டர்ல அன்கி இலவசம். ஆண்ட்ராய்ட்ல அன்கிட்ராய்ட்னு தேடுங்க, அதுவும் இலவசம். அன்கின்னு பேர் ஒட்டிக்கிட்டு வேற சில ஆப்பும் ஸ்டோர்ல வரும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அதனால பேர எழுத்துக்கூட்டி பாத்து போடுங்க. ஐபோன்ல அன்கிமொபைல் 25 டாலர் கிட்ட ஆகும், ஒரே தடவ கட்டினா போதும். காசு வேணாம்னா ப்ரௌசர்ல அன்கிவெப் தொறந்து பண்ணலாம், கொஞ்சம் மொக்கையா இருக்கும் ஆனா வேலை நடக்கும்.

அப்புறம் அன்கிவெப்ல ஒரு அக்கவுண்ட் போட்டு கம்ப்யூட்டர், போன் ரெண்டுலயும் லாகின் பண்ணிடுங்க. இத மொத நாளே பண்ணுங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க. நான் விட்டேன். போன்ல தனியா ஒரு டெக், அதான் கார்டு கட்டு, எறக்கி மூணு வாரம் பண்ணிட்டு, கம்ப்யூட்டர்ல தனியா வேற எதையோ பண்ணிட்டு, ஒரு நாள் சிங்க் அமுத்தினேன். அப்லோடா டவுன்லோடான்னு கேட்டுச்சு, யோசிக்காம ஒண்ண தட்டினேன், மூணு வாரம் கார்டு பாத்த கணக்கு, அதான் ரிவ்யூ, போயே போச்சு. அன்கி தானாவே பேக்கப் எடுத்து வெக்கும், மெனுல போய் பேக்கப்ல இருந்து ரீஸ்டோர் பண்ணியிருக்கலாம், அதுவும் அன்னிக்கு எனக்கு தெரியாது. அந்த கேள்வி எப்ப வந்தாலும் நிதானமா படிங்க: அப்லோட்னா இந்த மெஷின்ல இருக்கறது ஜெயிக்கும், டவுன்லோட்னா அன்கிவெப்ல இருக்கறது ஜெயிக்கும்.

இன்ஸ்டால் ஆன கையோட ஃபான்ட்டயும் சரி பண்ணிடுங்க. ஜப்பான் எழுத்தும் சீன எழுத்தும் கம்ப்யூட்டருக்கு ஒரே கோட் நம்பர்தான், எந்த ஊர் வடிவத்துல காட்டணும்னு ஃபான்ட்தான் முடிவு பண்ணும். செட்டிங் சரியில்லன்னா சீன வடிவம் வந்துடும், நீங்களும் அதையே மாசக்கணக்கா பாத்து பழகிடுவீங்க. போன் செட்டிங்ல மொழிகள்ல ஜப்பானீஸ ரெண்டாவதாவோ மூணாவதாவோ சேத்துட்டா பெரும்பாலும் சரியாயிடும். கம்ப்யூட்டர்னா ஒரு ஜப்பானீஸ் ஃபான்ட் போட்டு கார்டு ஸ்டைல்ல அந்த பேர குடுங்க.

ஸ்டெப் 2: கனா, ரெண்டே வாரம்

கனான்னா ஜப்பானீஸ்ல சத்தத்த எழுதற எழுத்து, ரெண்டு வகை: ஹிரகனா 46, கதகனா 46. 247 எழுத்து படிச்ச ஆளுங்க நாம, இதுக்கெல்லாம் பயப்படக்கூடாது. வரிசை கூட தெரிஞ்ச வரிசைதான். அ இ உ எ ஒ, அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ இருக்கற எடத்துல பழைய காலத்துல ப சத்தம் இருந்துச்சாம், அத போட்டு பாத்தா அப்படியே நம்ம க ச ட த ந ப ம ய ர ல வ தான். சும்மா தற்செயல் இல்ல, பௌத்த துறவிங்க வழியா சமஸ்கிருத எழுத்து வரிசை அங்க போய், அத பாத்து அடுக்கினது.

கனாவுக்கு அன்கி ரொம்ப தேவையில்ல. நோட்டுல எழுதி பாருங்க, ஒரு நாளைக்கு ரெண்டு வரிசை. அன்கிய குழப்பற எழுத்துக்கு மட்டும் வெச்சுக்கலாம். கதகனால ஷி, ட்சு ரெண்டும் பாக்க ஒரே மாதிரி சிரிச்ச மூஞ்சி, ன்-னும் சொ-வும் அதே கேஸ். ஷி, ன் ரெண்டுலயும் கடைசி கோடு கீழ இருந்து மேல போகும், ட்சு, சொ ரெண்டுலயும் மேல இருந்து கீழ வரும். கையால பத்து தடவ எழுதினா போதும், கண்ணு தானா புடிச்சுக்கும்.

ஸ்டெப் 3: தமிழ்ல எழுதி வெக்காதீங்க, ப்ளீஸ்

இத தனி ஸ்டெப்பாவே போடறேன், ஏன்னா நம்ம ஆளுங்க எல்லாரும் விழற குழி இதுதான். நானும் முதல் டெக்ல எல்லா வார்த்தைக்கும் பக்கத்துல தமிழ்ல உச்சரிப்பு எழுதி வெச்சேன். பல்கலைக்கழகத்துக்கு ஒரு வார்த்தை இருக்கு, காலேஜ விட்டு நின்னுடறதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. ரெண்டையும் தமிழ்ல எழுதுங்க பாப்போம். தைககு, தைககு. முதல்ல வர்ற த மட்டும்தான் வித்தியாசம், ஒண்ணு தம்பில வர்ற த, இன்னொண்ணு தினமலர ஸ்டைலா சொல்றவங்க வாயில வர்ற மென்மையான த. நம்ம எழுத்துல அந்த வித்தியாசத்த காட்ட வழியே இல்ல.

எழுத்துல மட்டும் இருந்தா பரவால்ல, நம்ம காதுலயும் நாக்குலயும் இருக்கு. தமிழ்ல நடுவுல ஒத்த க வந்தா அது தானா மென்மையாயிடும், பகல்ல வர்ற க மாதிரி. வன்மையா வரணும்னா பக்கம் மாதிரி இரட்டிக்கணும். ஒத்தையாவும் இருக்கணும் வன்மையாவும் இருக்கணும்னா நம்ம வாய்ல அதுக்கு எடமே இல்ல. ஜப்பானீஸ்ல மூணும் தனித்தனி. ககின்னா ஒரு பழம், நடுவுல வன்மையான ஒத்த க. ககின்னா சாவி, நடுவுல மென்மையான க. கக்கின்னா உற்சாகம், களைகட்டறது. நான் முதல் வார்த்தைய சொன்னா கேக்கறவங்களுக்கு சாவியோ உற்சாகமோதான் கேக்கும், பழம் கேக்கவே கேக்காது.

கிளாஸ்ல சென்செய்ய, அதான் டீச்சர, இங்க வாங்கன்னு கூப்பிடறதா நெனச்சு கித்தெ குதசாய்னு சொல்லிட்டேன். வாங்கன்னா ஒத்த த. நான் இரட்டிச்சதால வெட்டுங்கன்னு ஆயிடுச்சு. அவங்க கையில இருந்த சாக்பீஸ பாத்தாங்க, என்ன பாத்தாங்க, எத வெட்டணும்னு கேட்டாங்க.

இதுக்கு அன்கில மருந்து இருக்கு. தனியா ஒரு சின்ன டெக் போடுங்க, பேர் காதுன்னு வெச்சுக்கலாம். டைப் பேசிக் போதும். முன்பக்கம் ஆடியோ மட்டும், ஒரு எழுத்து கூட வேணாம். பின்பக்கம் ஹிரகனா, அர்த்தம். ஆடியோவுக்கு எங்கயும் அலைய வேணாம், அடுத்த ஸ்டெப்ல எறக்கப் போற டெக்லயே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆடியோ இருக்கு, எடிட் தொறந்தா சதுர அடைப்புக்குள்ள சவுண்ட்னு ஆரம்பிச்சு ஃபைல் பேரோட ஒரு துண்டு இருக்கும், அத காப்பி பண்ணி இங்க ஒட்டினா அப்படியே பாடும். ஜோடி ஜோடியா ஒரு நாப்பது வார்த்தை போதும். க-வுக்கு ரெண்டு சத்தம், த-வுக்கு ரெண்டு, ஒத்த எழுத்துக்கும் இரட்டிச்ச எழுத்துக்கும் கொஞ்சம். கார்டு வந்ததும் கேட்டத ஹிரகனால ஒரு பேப்பர்ல எழுதிட்டுதான் திருப்பணும். முதல் வாரம் பாதிக்கு மேல தப்பாகும், வெக்கமா இருக்கும், பரவால்ல.

குறில் நெடில் மேட்டர்ல நாம ராஜா. பிருன்னா கட்டடம், பீருன்னா குடிக்கற பீரு. ஒபசன்னா அத்தை சித்தி வயசு பொம்பள, ஒபாசன்னா பாட்டி. வெள்ளக்காரங்க இதுக்கு வருஷக்கணக்கா தடுமாறுவாங்க, நமக்கு இது கல்லு, காலு மாதிரி. இதுக்கு ஒரு கார்டும் வீணாக்க வேணாம்.

ஸ்டெப் 4: டெக் எறக்கறது

ஆரம்பத்துல சொந்தமா கார்டு செய்யாதீங்க. கைஷி 1.5கேன்னு ஒரு இலவச டெக் இருக்கு, அடிக்கடி வர்ற 1500 வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன வாக்கியம், வார்த்தைக்கும் வாக்கியத்துக்கும் ஆடியோ. ஃபைல எறக்கி டபுள் கிளிக் பண்ணா அன்கிக்குள்ள வந்து உக்காந்துக்கும். இதுக்கு முன்னாடி எல்லாரும் கோர் 2கே, 6கேன்னு வேற டெக் பண்ணிட்டு இருந்தாங்க. அதுல ஆபீஸ், பேப்பர் வார்த்தையெல்லாம் ரொம்ப சீக்கிரமா வந்து கழுத்தறுக்கும், எனக்கு புடிக்கல.

நாளைக்கு 10 புது வார்த்தைன்னா 150 நாள், அஞ்சு மாசம். அதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம் எதுக்கு.

ஸ்டெப் 5: செட்டிங், இத தவிர வேற எதையும் தொடாதீங்க

டெக் பக்கத்துல பல்சக்கரம் மாதிரி இருக்கும், அத அமுத்தி ஆப்ஷன்ஸ் போங்க.

ஒரு நாளைக்கு புது கார்டு 20ன்னு இருக்கும், அத 10 ஆக்குங்க. குழந்த குட்டி, ஷிஃப்ட் வேலைன்னா 5. ரிவ்யூ லிமிட் 200ன்னு இருக்கும், அத 9999 ஆக்குங்க. ஏன்னா லிமிட் இருந்தா மிச்ச கார்டு கண்ணுக்கு தெரியாம ஒளிஞ்சிருக்கும், எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு சந்தோஷமா தூங்கப் போவீங்க, உள்ள குப்பை சேந்துக்கிட்டே இருக்கும்.

கீழ போனா எஃப்எஸ்ஆர்எஸ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், கார்டு அடுத்து எப்ப வரணும்னு கணக்கு போடற புது முறை அது, ஆன் பண்ணுங்க. இது 23.10 வெர்ஷன்ல இருந்து அன்கிக்குள்ளயே வருது. பழைய கணக்கு எல்லாருக்கும் ஒரே ஃபார்முலா, சரின்னா நாள சுமாரா ரெண்டரை மடங்கு ஆக்கும், தப்பா சொல்லிக்கிட்டே இருந்தா அந்த மடங்கு கொறஞ்சுக்கிட்டே வந்து அந்த கார்டு தினமும் வந்து மூஞ்சிய காட்டும். புதுசு உங்க சொந்த ரிவ்யூ வரலாற பாத்து நீங்க எப்ப மறப்பீங்கன்னு கணிக்குது. அதுக்குப் பக்கத்துல எத்தன சதவீதம் ஞாபகம் இருக்கணும்னு கேக்கும், 90 இருக்கும். அப்படியே விடுங்க, இல்ல 85க்கு கொறைங்க. 95, 97ன்னு ஆசப்பட்டு ஏத்தினா ரிவ்யூ குவிஞ்சு தாலி அறுந்துடும். மாசத்துக்கு ஒரு தடவ ஆப்டிமைஸ் பட்டன அமுத்துங்க.

லேர்னிங் ஸ்டெப் 1 நிமிஷம், 10 நிமிஷம்னு இருக்கும், நல்லாத்தான் இருக்கு, விடுங்க. செட்டிங்க நோண்டறதுலயே ஒரு வருஷம் ஓட்டினவங்கள எனக்கு தெரியும், அவங்களுக்கு அன்கி நல்லா தெரியும், ஜப்பானீஸ் தெரியாது.

ஸ்டெப் 6: தினசரி எப்படி பண்ணணும்

கார்டு வந்துச்சா, வாய விட்டு சொல்லுங்க. ட்ரெய்ன்ல இருந்தா உதட்டையாவது அசைங்க. உச்சரிப்பு, அர்த்தம் ரெண்டும் வரணும், ஒண்ணு வரலன்னாலும் ஃபெயில்தான். எட்டு பத்து செகண்டுக்கு மேல யோசிச்சா அதுவும் ஃபெயில். நாக்கு நுனில இருக்குன்னு நெனச்சுக்கிட்டே ஒரு கார்டுக்கு ஒரு நிமிஷம் நின்னா, நூறு கார்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆயிடும்.

நாலு பட்டன் இருக்கும். தெரியலன்னா அகைன், தெரிஞ்சா குட். இந்த ரெண்ட மட்டும் வெச்சே வண்டி ஓட்டலாம். நெறைய பேர் பண்ற தப்பு, தெரியாத கார்டுக்கு மனசு கேக்காம ஹார்ட அமுத்தறது. ஹார்டுங்கறது பாஸ் மார்க்குங்க! கஷ்டப்பட்டு சொன்னேன், ஆனா சரியா சொன்னேன்னு அர்த்தம். தெரியாம ஹார்டு போட்டுக்கிட்டே இருந்தா எஃப்எஸ்ஆர்எஸ் உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நம்பிடும், கணக்கே கெட்டுடும். தப்பா தட்டிட்டா அண்டூ இருக்கு, கம்ப்யூட்டர்ல கன்ட்ரோல் இசட்.

புது கார்டு 10 போட்டா கொஞ்ச நாள்ல தினமும் 70ல இருந்து 100 ரிவ்யூ வரும், கார்டுக்கு எட்டு செகண்டுன்னா கால் மணி நேரத்துக்குள்ள முடியும். இந்த ஏழு, பத்து மடங்கு கணக்க மனசுல வெச்சுக்கோங்க. இன்னிக்கு சேக்கற ஒவ்வொரு கார்டும் அடுத்த மாசத்துக்கு வாங்கற கடன்.

அந்தக் கடன் கதையையும் சொல்லிடறேன். ஒரு தடவ வெறி புடிச்சு நாளைக்கு 40 புது கார்டு போட்டேன், மூணு வாரம். எட்டுநூறு கார்டு தாண்டிடுச்சு, ரிவ்யூ தினமும் முன்னூறுக்கு மேல வந்தாலும் ஜெயிச்சுக்கிட்டே இருக்கற மாதிரி ஒரு மெதப்பு. அப்ப பொங்கல் வந்துச்சு, ஊருக்கு போனேன், ஒரு வாரம் தொறக்கல. திரும்பி வந்து தொறந்தா அறுநூத்தி சொச்சம் காத்துக்கிட்டு இருக்கு, அதுல பாதி மறந்தும் போச்சு. ஆப்ப மூடினேன், அப்புறம் ரெண்டு மாசம் தொறக்கவே இல்ல. அன்கிய விட்டவங்க முக்கால்வாசி பேர் இப்படித்தான் விட்டிருப்பாங்க.

இப்படி ஆயிட்டா என்ன பண்ணலாம்னா, முதல்ல புது கார்ட ஜீரோ ஆக்குங்க. இந்த ஒரு சமயத்துக்கு மட்டும் ரிவ்யூ லிமிட்ட 100 ஆக்குங்க. ஆப்ஷன்ஸ்ல ரிவ்யூ வரிசைன்னு ஒண்ணு இருக்கும், அதுல இன்னும் ஞாபகம் இருக்க வாய்ப்பு அதிகமா இருக்கறது முதல்ல வர்ற மாதிரி வெச்சுக்கோங்க, அப்பதான் காப்பாத்த முடிஞ்சத முதல்ல காப்பாத்தலாம், சுத்தமா மறந்தது எப்படியும் திரும்ப படிக்க வேண்டியதுதான், அது கடைசில வந்தா நஷ்டம் இல்ல. பத்து நாள்ல, ரெண்டு வாரத்துல கரை ஏறிடலாம். டெக்க அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு ஒரு ஆசை வரும், அத மட்டும் செய்யாதீங்க.

ஸ்டெப் 7: கான்ஜி

நம்ம வீட்டு கஞ்சி இல்ல, சீனாவுல இருந்து வந்த, அர்த்தத்த காட்டற எழுத்து. அன்றாட உபயோகத்துக்குன்னு ஜப்பான் அரசு வெச்சிருக்கற பட்டியல்லயே 2136 இருக்கு. இதுல நம்ம தமிழுக்கு ஒரு சலுகையும் கிடையாது, இங்கிலீஷ்காரங்களோட ஒரே வரிசைல நிக்கணும்.

ஒரு கான்ஜிய எடுத்து அதோட எல்லா உச்சரிப்பையும் ஒரே கார்டுல போட்டு மனப்பாடம் பண்றது வெட்டி வேலை. உயிர், பிறப்புன்னு அர்த்தம் வர்ற ஒரு கான்ஜி இருக்கு, அஞ்சே கோடு. சென்செய்ல, அதான் டீச்சர்ல, அது செய்னு வரும். பிறந்தநாள்ங்கற தன்ஜோபில ஜோன்னு வரும். பொறக்கறதுங்கற உமரெருல உ-ன்னு வரும். பார்ல நம பீருன்னு கேட்டா நம-ன்னு வரும். இன்னும் இருக்கு. இத பட்டியலா படிச்சா மண்ட காயும். அதனால வார்த்தையா படிங்க, நாலு வார்த்தை படிச்சா நாலு உச்சரிப்பும் தானா வந்துடும்.

வடிவம் குழம்பறதுதான் பெரிய தலைவலி. எனக்கு ரத்தம் குடிச்ச ஜோடி மட்சு, மொட்சு. மட்சுன்னா காத்திருக்கறது, மொட்சுன்னா கையில வெச்சிருக்கறது. ரெண்டுக்கும் ஒம்போது கோடு, ரெண்டுக்கும் வலது பக்கம் கோயில்னு அர்த்தம் வர்ற துண்டு, இடது பக்கம்தான் வேற. ஒண்ணுல நடக்கறது சம்பந்தப்பட்ட துண்டு, இன்னொண்ணுல கை. எத்தன தடவ தப்பு பண்ணேன்னு அன்கிக்கே தெரியும், எட்டு தடவ தப்பாச்சுன்னா அன்கி அந்த கார்ட லீச்சுன்னு முத்திரை குத்தும், செட்டிங்க பொறுத்து ஓரங்கட்டவும் செய்யும். லீச்சுன்னா அட்டை, சரியான பேர்தான், நம்ம நேரத்த உறிஞ்சற அட்டை.

லீச்சு ஆச்சுன்னா திரும்ப எடுத்து விட்டு அதே மாதிரி முட்டிக்காதீங்க. கார்ட எடிட் பண்ணி ஒரு கதை எழுதுங்க, அதுவும் உங்க ஊர் கதையா. நான் எழுதினது இதான்: கோயில்ல தரிசனத்துக்கு வரிசைல நடந்து நடந்து காத்திருக்கோம், அது மட்சு. உள்ள போனதும் கையில பிரசாதம் வாங்கி வெச்சிருக்கோம், அது மொட்சு. அப்புறம் பாத்தா இடது பக்கம் சூரியன், வலது பக்கம் அதே கோயில்னு இன்னொரு கான்ஜி வந்துச்சு, அது நேரம். உச்சிகால பூஜ. மூணும் அதுக்கப்புறம் மறக்கவே இல்ல. கதை கூட வேலைக்காகலன்னா அந்த கார்ட சஸ்பெண்ட் பண்ணிடுங்க, முக்கியமான வார்த்தைன்னா எப்படியும் வேற எங்கயாவது வந்து கதவ தட்டும்.

உச்சரிப்ப காட்டற சின்ன ஹிரகனா, அதான் ஃபுரிகானா, அது பின்பக்கம் மட்டும் இருக்கட்டும். முன்பக்கம் இருந்தா கண்ணு அதத்தான் படிக்கும், கான்ஜிய பாக்கவே பாக்காது.

கான்ஜிய கையால எழுத தனி கார்டு வேணுமான்னா, ஜேஎல்பிடி முழுக்க குமிழ் கறுப்பாக்கற பரீட்சதான், எழுதவே சொல்ல மாட்டாங்க. ஜப்பான்ல போய் இருக்கப் போறீங்கன்னா பேர், அட்ரஸ் எழுத பழகிக்கோங்க. மத்தபடி வேணாம்.

ஸ்டெப் 8: இங்கிலீஷ் அர்த்தத்த அழிச்சுட்டு தமிழ் போடுங்க

உச்சரிப்ப தமிழ்ல எழுதாதீங்கன்னேன், அர்த்தத்த தமிழ்ல எழுதுங்கன்னு இப்ப சொல்றேன், ரெண்டும் வேற வேற. எறக்கின டெக்ல அர்த்தம் இங்கிலீஷ்ல இருக்கும். பெரும்பாலான வார்த்தைக்கு அது போதும், நாய் பூனைக்கெல்லாம் மாத்தி என்ன ஆகப்போகுது. சில கூட்டத்துக்கு மட்டும் மாத்துங்க, பெரிய வித்தியாசம் தெரியும்.

தோமரு, தோமெருன்னு ஒரு ஜோடி. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஸ்டாப்னு போட்டிருக்கும். எது எதுன்னு எப்படி ஞாபகம் வெக்கறது? தமிழ்ல போடுங்க: நிக்குது, நிறுத்தறேன். கவரு, கயெரு: மாறுது, மாத்தறேன். கியெரு, கெசு: அணையுது, அணைக்கறேன். கொவரெரு, கொவசு: உடையுது, உடைக்கறேன். ஜப்பானீஸ்ல இந்த மாதிரி ஜோடி நூத்துக்கணக்குல இருக்கு, நமக்கு பொறந்ததுல இருந்தே இருக்கு, நடுவுல இங்கிலீஷ் வந்து கெடுக்குது, அவ்ளோதான்.

அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்கும் அப்படியே நாலு வார்த்தை தனித்தனியா இருக்கு, ப்ரதர் சிஸ்டர்னு போட்டு ஏன் குழப்பிக்கணும். கொரே, சொரே, அரேன்னு சுட்டுச்சொல் மூணு, எனக்குப் பக்கத்துல இருக்கறது, உனக்குப் பக்கத்துல இருக்கறது, ரெண்டு பேருக்கும் தூரத்துல இருக்கறது. யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு கார்டே வேணாம், இது, உது, அதுதான். நாமதான் உதுவ தொலைச்சுட்டோம்.

இலக்கணமும் இதே கதை. தபெதெ மிருன்னா சாப்ட்டு பாரு. மிருன்னா பாக்கறது, நாமளும் முயற்சி பண்றதுக்கு பாருன்னுதான் சொல்றோம். தபெதெ ஷிமத்தான்னா சாப்ட்டு முடிச்சாச்சு, ஐயோ சாப்ட்டுட்டேனேங்கற தொனியும் உண்டு, நம்ம விடுங்கற துணைவினை மாதிரியே. வினை கடைசில வரும், வேற்றுமை உருபு பெயருக்கு பின்னாடி ஒட்டும். ஓனோ சுசுமுன்னு ஒரு ஜப்பான் மொழியறிஞர் இந்த ரெண்டு மொழியும் சொந்தம்னே எழுதினார், பெரும்பாலான மொழியியல்காரங்க அத ஏத்துக்கல. சொந்தமோ இல்லையோ, வாக்கியத்த வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல போட்டா அப்படியே உக்காருது. அதனால இலக்கணத்துக்குன்னு தனி டெக் போடாதீங்க, புக்குல ஒரு தடவ படிச்சு, தமிழ்ல ஒரு வரி எழுதி வெச்சா போதும். மிச்சமாகற கார்ட காதுக்கும் கான்ஜிக்கும் செலவு பண்ணுங்க.

ஸ்டெப் 9: சொந்த கார்டு

கைஷில ஒரு ஆயிரம் தாண்டினதும் படிக்க ஆரம்பிச்சுடுங்க. தடோக்குன்னு ஒரு இலவச சைட்ல லெவல் வாரியா குட்டி குட்டி கதை இருக்கு, அடிமட்டத்துல இருந்து ஆரம்பிங்க. அங்கங்க தெரியாத வார்த்தை வரும், அதுல இருந்துதான் இனிமே கார்டு.

ப்ரௌசர்ல யோமிடன்னு ஒரு எக்ஸ்டென்ஷன் போடுங்க, அதுக்குள்ள ஒரு அகராதிய இம்போர்ட் பண்ணணும், ஜிதென்டெக்ஸ் நல்லாருக்கும். அப்புறம் ஷிஃப்ட் அமுத்திக்கிட்டு எந்த ஜப்பானீஸ் வார்த்தை மேலயும் மௌஸ வெச்சா அர்த்தம் மேல வரும். கம்ப்யூட்டர்ல அன்கிகனெக்ட்னு ஒரு ஆட்-ஆன் போட்டு அன்கிய தொறந்தே வெச்சிருந்தா, பக்கத்துல இருக்கற கூட்டல் குறிய அமுத்தினா போதும், வார்த்தை, உச்சரிப்பு, அர்த்தம், நீங்க படிச்ச வாக்கியம் எல்லாம் கார்டா போய் விழும். முதல் தடவ எந்த ஃபீல்டுக்கு எதுன்னு சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போராடணும், ஒரு ஞாயித்துக்கெழம பண்ணி வெச்சுடுங்க.

ஆனா பாத்த வார்த்தையெல்லாம் அள்ளிப் போடாதீங்க. மத்ததெல்லாம் புரிஞ்சு, ஒரே ஒரு வார்த்தை மட்டும் தெரியாத வாக்கியமா பாத்து எடுங்க. மூணு வார்த்தை தெரியாத வாக்கியத்துல கார்டு போட்டா, பத்து நாள் கழிச்சு அது வந்து நிக்கும்போது இது என்ன, யார் போட்டதுன்னு நீங்களே கேப்பீங்க. ரெண்டு தடவயாவது எதிர்ல வந்த வார்த்தையா இருக்கட்டும். நாளைக்கு அஞ்சுக்கு மேல வேணாம்.

தமிழ்ல இருந்து ஜப்பானீஸ் சொல்ற மாதிரி திருப்பி போட்ட கார்டு வேணுமான்னு அடிக்கடி கேக்கறாங்க. ரிவ்யூ ரெண்டு மடங்காகும், ஒரே அர்த்தத்துக்கு நாலு வார்த்தை இருக்கும்போது எத சொல்றதுன்னு தகராறு வரும். பேசணும்னா யார்கிட்டயாவது பேசுங்க, அதுக்கு அன்கி வழி இல்ல.

எக்ஸாம் சமயம்

ஜேஎல்பிடி ஜூலைலயும் டிசம்பர்லயும் முதல் ஞாயிறு நடக்கும், சென்னைலயும் சென்டர் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே புது கார்ட நிறுத்திடுங்க, அப்ப போடறது எதுவும் பரீட்சக்குள்ள ஊறாது, ரிவ்யூ சுமைதான் ஏறும். கடைசி வாரம் காது டெக்க தினமும் பண்ணுங்க, கேட்டல் பகுதில ஆடியோ ஒரே தடவதான் ஓடும். எச்பி பென்சில் ரெண்டு மூணு சீவி எடுத்துட்டு போங்க, பேனாவுக்கு அங்க வேல இல்ல.

எக்ஸாம் முடிஞ்சு அன்னிக்கு ராத்திரி ட்ரெய்ன்ல வரும்போது அன்கிய தொறந்தேன், 94 ரிவ்யூன்னு காட்டுச்சு. பரீட்ச நடந்தது அதுக்கு தெரியாது. குரோம்பேட்டை வர்றதுக்குள்ள முடிச்சேன், ககி மட்டும் தப்பு, பழம் வந்துச்சு, சாவின்னு நெனச்சுட்டேன்.